கொலொஷ்வார் நகரின் ஊமைப்படங்கள்

ஹாலிவுட் 'கஸபிளாங்கா'வை இயக்கிய மைக்கேல் கர்ட்டிஸையும், இங்கிலாந்தில் 'சர்' பட்டம் பெற்ற அலெக்ஸாந்தர் கோர்தாவையும் அறிந்தோர் பலர். அவ்விருவரும் தம் இளமையில் ஒரே மனிதரிடம் பணிபுரிந்தவர்கள் என்பதை அறிந்தோர் சிலரே. அம்மனிதர் யெனோ யனோவிச். பிறப்பு 1872.

1905ஆம் ஆண்டு முதல் அவர் டிரான்ஸில்வேனியாப் பகுதியிலுள்ள கொலொஷ்வாரில் ஹங்கேரிய நாடகமன்றத்தின் தலைவராயிருந்தார். அந்நகரே இன்றைய ருமேனியாவின் க்ளூஜ். நாடகத்தையே உயிராகக் கொண்டவர் படம்பிடிக்க முனைந்ததேன்? ஹங்கேரிய மொழி அண்டை நாடுகள் எவற்றின் மொழியோடும் ஒட்டாதது; அந்நாட்டு நடிகரின் புகழ் எல்லையோடு நின்றுவிடும். ஊமைப்படத்துக்கோ அத்தடை இல்லை. இடையிடையே தோன்றும் எழுத்துக்களை மட்டும் மாற்றினாற் போதும்! 1913இல் பிரெஞ்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்துடன் சேர்ந்து அவர் எடுத்த 'மஞ்சள் குதிரைக்குட்டி' வெளிநாடுகளிலும் விலைபோயிற்று.

சாமோஷ் ஆற்றங்கரையிலிருந்த கோடைக்கால நாடகக் கொட்டகையே படப்பிடிப்பு நிலையமாயிற்று. மாலையில் மேடையேறும் நடிகர்களே பகலில் காமிராவின் முன் நின்றனர். 1914இல் மிஹாய் கெர்தேஸ் என்ற இளைஞர் வந்து 'பாங்க் பான்', 'நாடுகடத்தப்பட்டவள்' ஆகியவற்றை இயக்கினார். அவரே பின்னாளைய கர்ட்டிஸ். 1916இல் கோர்தா வந்தார். மறு ஆண்டே 'கோர்வின்' என்னும் நிறுவனப் பெயரை விலைக்கு வாங்கிக்கொண்டு புடாபெஸ்ட் சென்றுவிட்டார். யனோவிச் சோர்ந்தாரில்லை, வேறு பெயரில் தொடர்ந்தார்.

உலகப்போர் முடிந்தது, நகர் ருமேனியாவின் கைக்கு மாறிற்று. 1919இல் 'ஹாம்லெட்' நாடகத்துடன் நகரின் பெரிய அரங்கிலிருந்து விடைபெற்ற குழு, ஆற்றங்கரைக் கொட்டகைக்கே குடிபெயர்ந்தது. 1920இல் மேகநோயின் கொடுமையை விளக்கும் 'உலகப் பேரச்சம்' வெளிவந்தது. அதனோடு படத்தொழில் நின்றது. தம் சொந்தப் பணத்தையெல்லாம் நாடகமன்றத்தைக் காப்பதிலேயே கரைத்தார் அவர்.

அங்கு எடுக்கப்பட்ட படங்கள் அறுபதுக்கு மேல். எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. தீயுண்டது போக மிஞ்சியதும் நாளடைவில் மக்கிவிடும். ஓலைச்சுவடியைக் கறையான் அரித்த கதை நமக்குப் புதிதன்று. ஆயினும் 'நாடுகடத்தப்பட்டவள்' தப்பிற்று. நியூயார்க்கில் ஹங்கேரியர் இல்லமொன்றின் நிலவறையில் கிடந்த பிரதி 2008இல் கண்டெடுக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது. அந்நாட்டு நாடகமேடையின் பேரரசியென விளங்கிய மரி யாசாயின் நடிப்பை அதிற் காணலாம்.

1940இல் நகர் மீண்டும் ஹங்கேரியின் வசமாயிற்று. யூதராய்ப் பிறந்த யனோவிச்சுக்கு, அவர் கட்டிக்காத்த மேடையே மறுக்கப்பட்டது. ஒளிந்து வாழ்ந்து உயிர்தப்பிய அவர், போர் ஓய்ந்தபின் திரும்பி வந்து மீண்டும் நாடகமன்றத்தின் பொறுப்பை ஏற்றார். அதற்கென அவர் தேர்ந்த நாடகம், கெர்தேஸ் முன்பு படமாக்கிய அதே 'பாங்க் பான்'. அதில் தாமும் வேடமேற்கவிருந்தார். 1945 நவம்பரில், அரங்கேற்றத்துக்குச் சற்று முன்பாக அவர் உயிர் பிரிந்தது.