ஓர் அங்குலத்துக்கு ஒரு யூனிட்

வீடு கட்டி முடித்துக் குடிபோனதும் வாசலில் கொஞ்சம் புல், பின்னால் ரெண்டு முருங்கை, நாலு கத்தரிச் செடி என்று ஆசை வரும். மண் அடிக்கிறவருக்கு போன் போட்டால் அவர் முதலில் கேட்பது, "எத்தனை யூனிட் வேணுங்க?" அங்கேதான் பலரும் திணறுவார்கள். "ரெண்டு அடிச்சு விடுங்க, பத்தலைன்னா பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் பத்தாமல் போகும். அல்லது மீந்த மண் மழைக்காலம் முழுக்கத் தெருவில் கிடக்கும்.

கணக்கு மிகச் சுலபம். நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மனைப் பிரிவுகளில் அதிகம் புழங்கும் அளவு 1,200 சதுர அடி. இந்த இரண்டுக்கும் நல்ல பொருத்தம். 1,200 சதுர அடியில் ஓர் அங்குல உயரம் மண் பரப்பச் சரியாக ஒரு யூனிட் ஆகும். எனவே இடத்தின் சதுர அடியை, வேண்டிய அங்குலத்தால் பெருக்கி, 1,200 ஆல் வகுத்தால் போதும். இருபதுக்கு முப்பது அடிப் புல்தரைக்கு ஆறு அங்குலம் என்றால் 3 யூனிட். காட்டுக்காரர்களுக்கு சென்ட் கணக்குதான் வசதி: ஒரு சென்ட், மூன்று அங்குலம், 109 கன அடி. ஏறத்தாழ ஒரு டிராக்டர் லோடு.

காகிதத்தில் வந்த 3 யூனிட் தரையில் 3 யூனிட்டாக நிற்காது. வெட்டியெடுத்த மண் பொலபொலவென்று உப்பியிருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு, ஒரு மழையும் பெய்தால் படிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. அப்போது 3 யூனிட், மூன்றரையைத் தாண்டும். வண்டி வந்ததும் டேப்பை எடுத்து டிரெய்லரின் உள்ளளவைப் பார்த்துவிடுங்கள். நீளம் பத்து, அகலம் ஆறு, உயரம் ஒன்றரை அடி என்றால் 90 கன அடிதான். அதற்குமேல் கோபுரமாகக் குவித்திருந்தால்தான் அது யூனிட். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எத்தனை அங்குலம் என்பதைக் கீழே கிடக்கும் மண் தீர்மானிக்கும். சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும்பாலும் செம்மண். அதன் கீழே சரளை, சில இடங்களில் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே பாறை. மழை பெய்த மறுநாள் கடப்பாரையை ஊன்றிப் பார்த்தால் எவ்வளவு ஆழம் மண் இருக்கிறது என்று தெரிந்துவிடும். புல்லுக்கு அரையடி போதும். காய்கறிக்கு ஓரடியாவது வேண்டும். மரத்துக்காகத் தோட்டம் முழுவதையும் மேடாக்குவது வீண் செலவு. மூன்றடிக் குழி ஒன்றுக்கு 27 கன அடி, நாலு குழிக்கு ஒரு யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வயல் கணக்கு வேறு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அடிப்பது இந்தப் பக்கத்து உழவர்களுக்குப் பழக்கமான வேலை. 2017இல் தமிழக அரசு கனிம விதிகளைத் திருத்தி, ஏரி குளங்களிலிருந்து கட்டணமில்லாமல் வண்டல் எடுக்க வழிசெய்தது. அந்த ஆண்டு மே மாதம் மேட்டூர் அணையிலும் தூர்வாரும் வேலை தொடங்கியது; 1934இல் கட்டி முடித்த அணையில் அதுவே முதல் முறை. 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று நடைமுறை எளிதானது. 2017இல் அறிவித்த அளவு: ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90. லோடு கணக்கில் 25, 30. வீட்டு உபயோகத்துக்கு 30 கன மீட்டர், அதாவது 10 லோடு.

முப்பது லோடு என்றால் பெரிய குவியல் என்று தோன்றும். ஆனால் 90 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் 2.2 சென்டிமீட்டர் வருகிறது. ஓர் அங்குலம்கூட இல்லை! இதில் எந்தப் பயிர் வேர்விடும்? "வண்டல் அடித்தேன்" என்று சொல்பவர் மண்ணை உயர்த்துவதில்லை. மண்ணின் கலவையை மாற்றுகிறார். செம்மண்ணில் மணல் அதிகம், களி குறைவு. தண்ணீரும் சத்தும் நிற்காமல் இறங்கிவிடும். வண்டலில் களித்துகள் அதிகம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. அத்தனை நுண்ணியவை சேர்ந்தால் மேற்பரப்பு மணலைவிடப் பல மடங்கு பெருகும். அந்தப் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

உங்கள் மண்ணில் களி எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். பக்கம் நேராக உள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் நின்றுவிடும். அதன் மேல் இரண்டு மணி நேரத்தில் நுண்மணல் படியும். தண்ணீர் மட்டும் டீ போல் சிவந்து கலங்கியே இருக்கும். அது தெளிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். கடைசியில் படிகிற மெல்லிய படலம்தான் களி. ஸ்கேல் வைத்து மூன்று அடுக்கையும் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். ஆய்வகத் துல்லியம் இருக்காது, தோட்டத்துக்குப் போதும்.

செம்மண்ணில் களி 15 சதவீதம், வண்டலில் 40 என்று வைத்துக்கொள்வோம். ஆறு அங்குலச் செம்மண்ணோடு நாலு அங்குல வண்டலைக் கலந்தால் 25 சதவீதம் வரும். 1,200 சதுர அடிக்கு இது நாலே யூனிட், முடிகிற காரியம். ஓர் ஏக்கருக்கோ 145 யூனிட். அரசு தரும் முப்பது லோடு களியை 15இலிருந்து 18க்குத்தான் உயர்த்தும். வயலில் வண்டலை ஒரே தடவையில் அடித்து முடிக்க முடியாது. கோடைக்குக் கோடை அடித்துச் சேர்க்க வேண்டியதுதான்.

கலக்காமல் மேலே மட்டும் பரப்பிவிடுவது பெரிய தவறு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து மண்ணியலாளர் வால்டர் கார்ட்னர், கண்ணாடித் தொட்டியில் மண்ணை அடுக்கித் தண்ணீர் இறங்குவதைப் படமெடுத்துக் காட்டினார். நுண்ணிய மண் மேலேயும் பருமணல் கீழேயும் இருந்தால், தண்ணீர் எல்லைக்கு வந்து நின்றுவிடும். மேல்மண் முழுக்க ஊறிய பிறகே கீழே இறங்கும். சரளை மேல் களிமண்ணைக் கொட்டிப் புல் நட்டவர்களுக்கு வேர் அழுகுவது இதனால்தான். கொத்திவிடுங்கள், அல்லது உழுதுவிடுங்கள்.

எந்த ஏரி மண் என்பதையும் பாருங்கள். சாயக்கழிவும் சேகோ ஆலைக் கழிவும் கலந்த திருமணிமுத்தாற்றுத் தண்ணீர் பாயும் ஏரிகளில் உப்பு சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் மண் பரிசோதனை செய்யலாம். கார அமில நிலையோடு உப்பின் அளவையும் கேளுங்கள். கோரைக்கிழங்கு கலந்த மண் வந்தால் அதற்கு ஆய்வகம் வேண்டாம், பத்தே நாளில் தானாகத் தெரியும். நாமக்கல் கோழி எருவைச் சேர்ப்பவர்கள் மட்கியதாகப் பார்த்து வாங்க வேண்டும். பச்சையாகப் போட்டால் சூட்டில் செடி கருகிவிடும்.

இன்னும் அஸ்திவாரம் தோண்டாதவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 800 சதுர அடியில் வீடு வருகிறது என்றால், அந்த இடத்து மேல்மண் அரையடியே 4 யூனிட். தோண்டுகிற நாளில் ஜேசிபிக்காரர் அதைச் சரளையோடு சேர்த்து வாரி பேஸ்மென்ட்டுக்குள் தள்ளிவிடுவார். பிறகு அதே அளவு செம்மண்ணை நாம் காசு கொடுத்து வாங்குவோம். முதல் நாளே சொல்லி, மேல்மண்ணைத் தனியாக வழித்து, மனையின் ஓரத்தில் நாலடிக்கு மேல் உயராமல் குவித்து வைக்கச் சொல்லுங்கள்.