ஒரு ஷட்ஜம், மூன்று முகம்

லண்டனில் கர்நாடக சங்கீதம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக் கீபோர்டில் 'கார்ட்', அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு. இங்கிலாந்துக் கல்வித்துறை 2021இல் வெளியிட்ட மாதிரி இசைப் பாடத்திட்டம் ஒன்பது, பத்து வயதிலேயே மூன்று சுரக் கார்டுகளைக் கற்பிக்கச் சொல்கிறது. இதனால் பிள்ளையின் சுருதி கெட்டுவிடாதா என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. கெடாது. ஆனால் இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

நான் தம்புராவில்தான் தொடங்குவேன். மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுச் சும்மா கேட்கச் சொல்வேன். சற்றுப் பொறுத்தால் அந்தர காந்தாரம் மெல்ல எழும். யாரும் மீட்டாத சுரம். தந்தி ஐந்து பகுதிகளாகவும் அதிர்வதால் பிறப்பது. சுயம்பு காந்தாரம் என்பார்கள். பஞ்சமத் தந்தியும் சேர்ந்தால் ச, க, ப. ஒரு கட்டை சுருதியில் இதுவே கீபோர்டின் ஸி மேஜர் கார்ட்! (கீபோர்டின் காந்தாரம் நூலிழை உயர்ந்து நிற்கும். கூர்மையான காதுள்ள பிள்ளை கண்டுபிடித்துவிடும்.)

அடுத்து, பிள்ளைகள் ஷட்ஜத்தை அசையாமல் பிடித்திருக்க, நான் கீழே கார்டுகளை மாற்றுவேன். ஸி மேஜரில் அது ஷட்ஜமாகவே நிற்கும். எஃப் மேஜரில் அதே ஒலி பஞ்சமம். ஏ மைனரில் சாதாரண காந்தாரம். ஒரு சோகம் வந்து கவியும். பாடுகிறவர் நகரவில்லை, ஆதாரம்தான் நகர்ந்தது. கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே எப்போதாவது, சாகசமாகச் செய்வதை ஹார்மனி இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை செய்கிறது, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நொட்டுஸ்வர சாகித்யங்களைவிட நல்ல உருப்படி எனக்குத் தெரியாது. மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் இட்ட சமஸ்கிருதப் பாடல்கள். சங்கராபரண சுரங்கள், கமகம் கிடையாது. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டனின் தேசிய கீத மெட்டேதான். பாதிப் பேர் பாட, மீதிப் பேர் கார்ட் வாசிக்கலாம். லண்டன் பிள்ளைக்கு இரண்டுமே சொந்தம்.

தோடிக்கு மட்டும் கார்ட் கேட்டால் மறுத்துவிடுவேன். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கும். நிற்காத சுரத்தின்மேல் எந்தக் கூட்டை அடுக்குவது? விடாப்பிடியாகக் கேட்கும் பிள்ளையிடம் கீபோர்டைக் கொடுத்து, தானே தேடிப் பார்க்கச் சொல்வேன்.