ஆபீஸ் போனும் கைபேசியும்

தோட்டத்திலே அந்த நாளில் டெலிபோன் என்றால் ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். உறவிலே யாராவது தவறிவிட்டால், கிராணி ஆள் விட்டுச் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அவர் மறந்துவிட்டால் முகம் பார்க்கக்கூடக் கிடைக்காது.

பிறகு டவுனில் 10 காசு போட்டுப் பேசினோம். வட்டத்தில் விரலை விட்டு 9ஐச் சுழற்றினால், கம்பி வழியே 9 துடிப்பு எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். கரண்டும் அங்கிருந்தே வந்ததால், விளக்கு அணைந்தாலும் போன் பேசும்.

இன்று ஆளுக்கொரு கைபேசி. எந்தக் கிராணியின் தயவும் வேண்டாம், நல்லதுதான். ஆனால் பேங்க் அதிகாரி, போலீஸ் என்று ஏய்ப்பவனும் அதிலேதான் கூப்பிடுகிறான். பால் மரம் சீவிச் சேர்த்த சேமநிதிப் பணம், ஐயா! டேக் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997க்குக் கூப்பிடுங்க.