கோலேந்தி முன்செல்லும் மாணவி

இல்ல விளையாட்டுப் போட்டி என்றவுடன் ஓட்டமும் பாய்ச்சலுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அன்றைய தினம் மைதானத்தில் முதலடி எடுத்து வைப்பவள் ஓட்டக்காரி அல்லள். பாண்ட் வாத்தியக் குழுவின் முன்னே கோலேந்தி வரும் மாணவியே ஆவாள். அவளை ஓர் அலங்காரம் என்றே பலர் எண்ணுகின்றனர். அவள் ஆற்றும் பணி யாதென்பதைச் சற்று ஆராய்வோம்.

லிந்துலைப் பக்கத்துப் பாடசாலைகளில் இப்போட்டி பெரும்பாலும் ஆண்டின் முதல் தவணையிலே நடைபெறும். மழை குறைந்த காலமெனினும் குளிர் மிகுந்த காலம் அது. தேயிலை மலைகளின் மேல் மூடுபனி கலையுமுன்னரே மாணவி லயத்திலிருந்து புறப்பட வேண்டும். புல்லெல்லாம் பனி, விரல்களெல்லாம் விறைப்பு. உலோகக் கோலோ ஈரத்தில் வழுக்கும். ஆகவே வெள்ளைக் கையுறை அவளுக்கு அழகுக்காக மட்டும் அன்று. அணிநடை தொடங்குமுன் கைகளைத் தேய்த்துச் சூடேற்றி, கோலை மெல்லச் சுழற்றிப் பழகிக்கொள்வதே அவளுடைய முதல் வேலையாகும்.

வாத்தியக் குழுவுக்குக் கோல் எதற்கு? முரசுகள் முழங்கும்போது வாய்மொழிக் கட்டளை கேளாது என்பது ஒரு காரணம். மற்றொன்று நுட்பமானது. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரம் செல்லும். எனவே 34 மீற்றர் பின்னால் நிற்பவருக்குத் தாளம் செக்கனில் பத்திலொரு பங்கு பிந்தியே எட்டும். நிமிடத்திற்கு 120 காலடி வைக்கும் அணிக்கு ஒரு காலடிக்கு அரைச் செக்கனே உண்டு. காதை மட்டும் நம்பினால் பின்வரிசை பிசகும். கண்ணுக்கோ இத்தாமதம் இல்லை. ஆதலின் எல்லோரும் கோலைப் பார்க்கின்றனர். கோல் உயர்ந்தால் கட்டளை வருகிறதென்று பொருள். அது இறங்கும் கணத்தில் வாத்தியம் ஓயும்.

இவ்வழக்கம் ஐரோப்பியப் படைகளிலிருந்து வந்தது. பிரித்தானியர் அதனைத் தம் குடியேற்ற நாடுகளுக்குக் கொணர்ந்தனர். அமெரிக்கக் கல்லூரிகளிலே அது வேறொரு கலையாக வளர்ந்தது. அங்கே நீண்ட செங்கோலுக்குப் பதிலாக, இரு நுனிகளிலும் இறப்பர் முனை பொருத்திய சிறு உலோகக் கோலை ஏந்தி, உதைபந்தாட்ட நாட்களில் இடைவேளையின்போது மாணவியர் சுழற்றிக் காட்டுவர். பேர்டியூ பல்கலைக்கழகத்தின் "பொன்மங்கை" என்னும் பட்டம் 1954ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகின்றது. எனினும் சுழற்றும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. சிலம்பம் கண்ட கண்களுக்கு அது உறவுக் கலையே.

கோலை மேலே எறிந்து பிடிப்பதற்கும் கணக்கு உண்டு. கையிலிருந்து 16 அடி உயரம் எழும் கோல் மீண்டும் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு செக்கன் ஆகும். அதற்குள் நான்கு காலடிகள் நடந்துவிடும். நடப்பவளின் வேகத்தையே எறிந்த கோலும் பெற்றிருப்பதால், அவள் நடை மாறாதவரை அது அவளுடனேயே வரும். அஞ்சி நின்றாளாயின் கோல் அவளைக் கடந்து போய்விடும். மலைக்காற்று வீசும்போது கோலைச் சற்றுத் தாழ எறிவதே அறிவுடைமை.

அவ்வாறிருந்தும் கோல் நழுவி விழுவதுண்டு. பெற்றோர் பார்த்திருக்க, நடுவர் புள்ளியிட, அக்கணம் அவளுக்குப் பெருஞ்சோதனையாகும். அப்போது செய்யத்தக்கது ஒன்றே: தாளம் தவறாமற் குனிந்து எடுத்து, அதே காலடியில் தொடர்ந்து செல்லல். கோல் விழுவது அவளுடைய பிழையாக நின்றுவிடும்; தாளம் விழுமாயின் அணி முழுவதும் குலைந்துவிடும்.

மலையகத்திலே இக்காட்சிக்குத் தனிப் பொருளும் உண்டு. முற்காலத்தில் தோட்டங்களில் விடியுமுன் ஒலித்த தப்பு, தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்த ஒலியாகும். கோல் கங்காணியின் கையில் இருந்தது. அதற்கு அஞ்சியே நிரை நகர்ந்தது. தோட்ட நிர்வாகங்களின் கீழிருந்த பள்ளிக்கூடங்களை 1977ஆம் ஆண்டளவில் தொடங்கி அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. இன்று கொழுந்து பறிக்கும் தாயின் மகள் கோலேந்தி வர, முரசு அவளைப் பின்தொடர்கின்றது. அவளுக்கு அஞ்சி எவரும் நடப்பதில்லை. அவளை நம்பியே நடக்கின்றனர்.

அணிநடை முடிந்ததும் ஓட்டப் போட்டிகள் தொடங்கும். சபையோரின் கண்கள் வேறிடம் திரும்பும். பரிசு பெறுவோர் பட்டியலில் அவள் பெயர் இல்லாமலும் போகலாம். ஆயினும் பலரை ஒரே தாளத்தில் நடத்திச் செல்லும் பொறுப்பை ஒருமுறை தாங்கிய பெண், பிற்காலத்தில் எந்தச் சபையிலும் முன்னே நிற்கத் தயங்கமாட்டாள். மைதானத்திலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பரிசு அதுவேயாகும்.