'இமீடியட்லி' என்றால் எப்போது?

'இமீடியட்லி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், வெலிமடையில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் எட்டாம் தரப் பிள்ளைகூட 'உடனடியாக' என்று சொல்லிவிடும். உடனடியாக என்றால் எப்போது என்று கேட்டால்தான் வகுப்பே சிரிக்கிறது.

நம் நாட்டில் அந்தச் சொல் பட்ட பாடு அப்படி. 'உடனடி நடவடிக்கை எடுக்கப்படும்' என்று கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்கு அந்தக் காரியாலயப் பக்கம் போகத் தேவையில்லை. 'இந்தா வாறேன்' என்பவர் இன்னும் குளித்திருக்கவே மாட்டார். ஆங்கிலேயரும் சளைத்தவர்களல்லர். இன்று 'விரைவில்' என்று பொருள்படும் 'சூன்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்பதே பொருள். ஆட்கள் தாமதித்துத் தாமதித்து சொல்லே தேய்ந்துவிட்டது.

'இமீடியட்லி' லத்தீனிலிருந்து வந்தது. 'நடுவில் எதுவும் இல்லாமல்' என்பது அதன் வேர்ப்பொருள். ஆகவே அது வேகத்தைச் சொல்லவில்லை. இடையில் வேறு வேலை கிடையாது என்கிறது. இடத்துக்கும் அதே சொல்தான்: வீட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் நிற்கும் மண்மேட்டைச் சொல்லவும் ஆங்கிலத்தில் இதைப் பயன்படுத்தலாம். நமது 'உடன்' என்பதும் ஒட்டி நிற்பதையே குறிக்கிறது. உடன்பிறப்பு என்கிறோமே, அதுதான். அரபியின் 'ஃபவ்ரன்' பொங்குதலைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது. நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் அடுப்பு பொங்கியதை அல்குர்ஆன் கூறுமிடத்திலும் அந்த வேர்தான். ஃபிக்ஹில் 'தராகீ' என்று இன்னொன்றும் உண்டு. பிற்படுத்த இடமுள்ளது என்று அர்த்தம். ஹஜ்ஜுக்கு ஷாபிஈ மத்ஹப் அந்த இடத்தைத் தருகிறது. மலை தராது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று கட்டங்களைக் கொண்டது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனடியாக வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்பது சிவப்புக்குரிய அளவு. பொருட்களைக் கட்டுவதும் மாட்டை அவிழ்ப்பதும் செம்மஞ்சளின் வேலை. சிவப்பில் கதவைப் பூட்டக்கூட நிற்கக் கூடாது.

இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தை லயன்களை 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் மூடியது. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்த ஒன்பது வருடங்களில் 'உடனடியாக' என்ற சொல் எத்தனை கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும்! போகச் சொன்னால் மட்டும் போதாது, போக ஓர் இடமும் வேண்டும் என்பதை மறந்துவிட்டு தோட்ட மக்களையே குறை சொல்வது அநியாயம்.

எனவே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சிவப்பு எச்சரிக்கையை அறிவிப்பவர்கள் 'உடனடியாக' என்ற சொல்லை நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. "உடுத்த உடுப்போடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இப்பவே வெளிக்கிடுங்க, பாடசாலை மண்டபம் திறந்திருக்கு" என்று சொல்லுங்கள். அதற்கு முன் மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.