கரியாலூர் குளிருக்கு ஆப்பிள் சைடர்... போதை இல்லாமல்!

கோமுகி அணையைத் தாண்டி பைக்கில் மலை ஏறி, கரியாலூரில் இறங்கியதும் காற்று ஜிலுஜிலுவென்று அடிக்கும். 'ஏதாவது சுர்ருனு உள்ளே போனா நல்லாயிருக்குமே மச்சி!' என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். 'வீட்டிலேயே சைடர் போடலாம்டா, வெறும் ஆப்பிள்தானே' என்பார் இன்னொருத்தர்.

ஆப்பிள்தான். ஆனால் எந்த ஊர் சைடர்? இங்கிலாந்தில் சைடர் என்றால் புளிக்க வைத்த மது. அமெரிக்காவில் புளிக்காத சாறு. போதை வேண்டுமானால் 'ஹார்டு சைடர்' என்று தனியாகக் கேட்க வேண்டும். நமக்கு அமெரிக்காவே போதும். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஜாமீன் எடுக்க ஆபீஸ் மேனேஜர் வரமாட்டார்!

நல்ல சைடருக்கு இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் வேண்டும். துவர்ப்பு என்றால், கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்குமே, அந்தச் சமாசாரம். இங்கிலாந்தில் சைடருக்கென்றே வளர்க்கும் ஆப்பிள்களில் பலவற்றை வாயில் வைக்க முடியாது. நம் கடைகளில் பளபளக்கும் சிவப்பு டெலிஷியஸில் இனிப்பு மட்டும்தான். அதில் இரண்டு பங்குக்குப் பச்சை நிற கிரானி ஸ்மித் ஒரு பங்கு சேருங்கள். கிடைக்காவிட்டால் எலுமிச்சை. துவர்ப்புக்கு ஒரு ஸ்பூன் டீ டிகாக்‌ஷன். கரியாலூர் குளிர் நமக்குப் போதும், ஆப்பிள் மரத்துக்குப் போதாது. அதனால் பழத்தைக் கள்ளக்குறிச்சியிலேயே வாங்கிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று அழுகல் பழம் வாங்காதீர்கள். வெட்டி எறிந்தாலும் பூஞ்சை நஞ்சு மிச்சப் பகுதியில் இருக்கலாம்.

தோல், விதை நீக்கி மிக்ஸியில் அடித்து, சுத்தமான வேட்டித் துணியில் பிழியுங்கள். இஞ்சி, பட்டை தட்டிப் போட்டு, ஆவி பறக்கச் சூடாக்கி அன்றைக்கே குடித்துவிடுங்கள். பாட்டிலில் இறுக மூடி வெளியே வைத்தால் தானாகவே புளித்து, கேஸ் சேர்ந்து, மூடி தீபாவளி கொண்டாடும்!

'ஒரு வாய் போதை இருந்தா என்ன சார்?' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூனில் இதே கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். மெத்தனாலை ருசித்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது. பத்து மில்லி போதும், கண் போய்விடும். லேபிள் இல்லாத பாட்டிலை யார் நீட்டி, 'நம்ம சரக்குண்ணே, சுத்தமானது' என்று சத்தியம் செய்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். பிளாஸ்க்கில் ஆப்பிள் சாறு சூடாக இருக்கிறதே, அப்புறமென்ன?