பட்டமும் படகும்

படகு நீரில் ஓட, மனிதன் வானில் பறக்கிறான். இது மாயமன்று, பௌதிகம். ‘பாராசெய்லிங்’ என்னும் இவ்விளையாட்டைச் சென்ற விடுமுறையில் உத்தரகாண்டின் டெஹ்ரி ஏரியில் நானும் ஆடிப் பார்த்தேன். பாகீரதியின் மேல் எழுந்த 260.5 மீட்டர் உயரமுள்ள அணை தேக்கிய நீர் அது. பழைய டெஹ்ரி நகரம் அதனடியில்தான் கிடக்கிறது.

விசைப்படகின் பின்னே நீண்ட கயிறு. அதன் முனையில் வான்குடையும் நாமும். படகு விரைய விரைய, எதிர்க்காற்று குடையை நிரப்பி மேலே தூக்குகிறது. பட்டத்தின் தத்துவமே இது. பட்டம் காற்றுக்குக் காத்திருக்கும். இங்கோ படகின் ஓட்டமே காற்றைத் தருகிறது.

ஆனால் நண்பர்களே, காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. படகு மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடுகையில், எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால் என்னாகும்? குடை உணரும் வேகம் இரு மடங்கு. கயிறு தாங்கும் விசையோ ஏறத்தாழ நான்கு மடங்கு! கயிறு அறுந்தால் குடை மெல்ல இறங்கலாம். பலத்த காற்றிலோ நம்மைக் கரைக்கே இழுத்துச் செல்லும்.

வெயில் ஏறினால் மலைச்சரிவுகள் சூடாகிப் பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று வலுக்கும். ஆதலால் நான் காலையிலேயே சென்றேன். அப்போதும் ஒரு காற்று மோதியது, கயிறு விறைத்தது. படகோட்டி உடனே வேகத்தைத் தணித்தார். நான் மெல்லத் தாழ்ந்தேன். வர்க்க விதியை அவர் கை அறிந்திருந்தது.

செல்ல விரும்பும் தோழர்களே, கட்டணத்தைக் கேட்குமுன் காற்றைக் கேளுங்கள். குடை, கயிறு, மிதவைச் சட்டை மூன்றையும் பார்த்தபின் பறந்து வாருங்கள்!